தவிட்டுக்கும் கணக்குப் பார்த்தவர்: ஜே.சி. குமரப்பா

தேவ்நார் என்றதும் மும்பை மக்களுக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1927ஆம் ஆண்டு முதல் மாநகரின் கழிவுகளைச் சுமந்து மலையாய் உயர்ந்து நிற்கும் குப்பைமேடு. மற்றொன்று, சயான் – திராம்பே சாலையில் மரநிழலில் அமைந்துள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். இந்நிறுவனம் 1936இல் பைகுல்லாவில் தொடங்கப்பெற்று, 1954இல் தேவ்நாருக்கு இடம்பெயர்ந்தது. அதன் முதல் இந்திய இயக்குநராக விளங்கியவர் ஒரு தமிழர், ஜே.எம். குமரப்பா என்பது அவர் பெயர்.

அவருடன் பிறந்தவரே நாம் இப்பாடத்தில் அறியவிருக்கும் ஜே.சி. குமரப்பா. இவர் தேவ்நாரில் வாழ்ந்தவர் அல்லர். எனினும், மும்பையில் பல்லாண்டுகள் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவர். நாம் உண்ணும் சோற்றையும், உண்டபின் எறியும் குப்பையையும் ஒரே கணக்கேட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். ஆகையால் தேவ்நாரின் குப்பைமேட்டுக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

தஞ்சையிலிருந்து மும்பைக்கு

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். தந்தையார் அரசின் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். ஒழுங்கும் நேரந் தவறாமையும் அவ்வீட்டின் சட்டங்கள். தாயார் எஸ்தர் அம்மையார் இரக்கமும் உறுதியும் ஒருங்கே வாய்ந்தவர்.

சென்னையில் கல்வி கற்றபின் இலண்டன் சென்று கணக்கியல் பயின்றார். முதல் உலகப் போர்க் காலம் முழுவதும் அங்கேயே கழிந்தது. 1919இல் தாயாரின் விருப்பத்தை ஏற்றுத் தாயகம் திரும்பி, மும்பையில் ஆங்கிலேயர் நடத்திய தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். 1924இல் பங்காளி ஒருவருடன் இணைந்து, கார்னிலியஸ் – தாவர் என்னும் பெயரில் சொந்தமாகவே நிறுவனம் தொடங்கினார். ஐரோப்பிய உடை, ஐரோப்பிய உணவு, ஐரோப்பியப் பழக்கவழக்கம் ஆகியவை அவருக்கு இயல்பாகிவிட்டிருந்தன. நாட்டு விடுதலையைப் பற்றியோ சிற்றூர்களைப் பற்றியோ அந்நாளில் அவர் பெரிதாக எண்ணியதில்லை.

மாற்றம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1927இல் அங்குச் சென்றவர், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை பயின்று, பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி பயின்றார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பதைப் பற்றி அவர் ஆற்றிய உரை ஒன்று நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். பிரித்தானிய அரசின் வரவு செலவுகளைத் தணிக்கையாளர் கண்கொண்டு புரட்டப் புரட்ட, தம் நாட்டின் செல்வம் எவ்வழியே வெளியேறுகிறது என்பது அவருக்குப் புலனாயிற்று. பிறருடைய கணக்கைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு வந்தவர், தம் நாட்டின் கணக்கு தவறாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்.

மரத்தடியில் ஒரு முதியவர்

ஆய்வேட்டை நூலாக்கும் எண்ணத்துடன் இந்தியா திரும்பிய அவர், 1929 மே 9ஆம் நாள் காந்தியடிகளைக் காணச் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். விருந்தினர் இல்லத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் தவிர வேறொன்றும் இல்லை. குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே புறப்பட்டவர், வழியில் ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்கும் முதியவர் ஒருவரைக் கண்டு, கைத்தடியில் சாய்ந்தவாறு நின்று வேடிக்கை பார்த்தார். சிறிது நேரத்தில் அம்முதியவர் தம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வந்தவர் குமரப்பாதானா என வினவினார். அவரே காந்தியடிகள் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்த குமரப்பா, மடிப்புக் குலையாத தம் மேனாட்டு உடையோடு அப்படியே தரையில் அமர்ந்தார். நாற்காலியைக் கொணர்ந்தபோதும் அதனை ஏற்கவில்லை. அந்த அமர்வு வாழ்நாள் முழுவதும் நீடித்தது என்றே கூறலாம்.

குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதை மீண்டும் சூடிக்கொண்டார், கதர் அணிந்தார். குசராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, உழவர் குடும்பங்களின் வரவு செலவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். காந்தியடிகளின் இதழுக்குப் பொறுப்பேற்று எழுதியமைக்காகச் சிறை சென்றார்.

அவருடைய கணக்கின் கண்டிப்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1934இல் நடந்தது. பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பல்லாயிரவர் மாண்டனர். துயர்துடைப்பு நிதியைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று அவர் வரையறுத்தார். அச்சமயம் காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் பாட்னாவுக்கு வருகை தந்தனர். அவர்களுடைய உணவுச் செலவும் பயணச் செலவும் இவ்வரையறைக்குள் அடங்கா எனக் கண்ட குமரப்பா, அச்செலவை நிதியிலிருந்து தர இயலாது என்று மறுத்துவிட்டார். காந்தியடிகள் வியந்தார், காரணத்தைக் கேட்டறிந்தபின் ஏற்றுக்கொண்டார். தலைவருக்கே விலக்களிக்காத இந்தக் கண்டிப்புத்தான் பின்னர் அரிசிக்கும் எண்ணெய்க்கும் திரும்பியது.

மகன்வாடியும் அரிசியும்

1934 திசம்பரில் அனைத்திந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் அதன் இருப்பிடமாயிற்று. காந்தியடிகளின் உறவினரும் தொண்டருமான மகன்லாலின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. குமரப்பா அதன் செயலாளரானார். இரவீந்திரநாத் தாகூர், ஜகதீச சந்திர போஸ், சி.வி. இராமன் போன்ற சான்றோர் ஆலோசகர்களாக இசைந்தனர். அவர்களுள் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நிகழ்த்திய மருத்துவர் இராபர்ட் மெக்காரிசனும் ஒருவர். சிற்றூர்த் தொழிலுக்கு ஒரு பிரித்தானிய மருத்துவர் எதற்கு என்று தோன்றலாம். காரணம் உண்டு.

நெல்லின் மேலுள்ளது உமி. அதனை நீக்கியபின் அரிசியின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் எஞ்சும். ஒரு முனையில் முளையும் இருக்கும். படலமும் முளையும் சேர்ந்தே தவிடாகின்றன. எடையிட்டுப் பார்த்தால் தவிடு, நெல்லில் பத்தில் ஒரு பங்கை எட்டுவது அரிது. ஆனால் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து, இரும்பு முதலிய தாதுக்கள், நார்ச்சத்து ஆகியவற்றின் பெரும்பகுதி அங்கேதான் உறைகிறது. உரலில் இட்டு உலக்கையால் குத்தும்போது தவிட்டில் ஒரு பகுதியே உதிரும். மீதம் அரிசியோடு ஒட்டியிருக்கும். ஆலையிலோ அரிசி வெள்ளை வெளேரென்று ஒளிரும்வரை தீட்டப்படுகிறது. தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. அது நாட்படச் சிக்கு நாற்றமடிக்கும். தவிடு நீங்கிய அரிசி நெடுநாள் கெடாது. தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்பி விற்கும் வணிகருக்கு அதுவே ஏற்றது. வெண்மை நாகரிகத்தின் அடையாளம் ஆயிற்று. கைக்குத்தலரிசி ஏழையின் உணவு என்று இகழப்பட்டது.

இந்த வெண்மைக்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. பெரிபெரி என்னும் நோய் ஆசியாவில் அரிசி உண்ணும் நாடுகள் பலவற்றைத் தாக்கியது. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இதயம் தளரும், பலர் இறந்தனர். 1890களில் சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் அத்தகைய நோயால் தள்ளாடுவதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றவை தேறுவதையும் கண்டார். அக்கண்டுபிடிப்புக்காக அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆண்டு 1929. குமரப்பா சபர்மதியின் மரத்தடியில் அமர்ந்ததும் அதே ஆண்டுதான்.

நம் நாட்டில் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. தமிழ் மாவட்டங்களில் அவ்வளவாக இல்லை. இதன் காரணம் நம் பாட்டிமார் நன்கறிந்த ஒரு வழக்கத்தில் இருந்தது. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தியபின் குத்துவது புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகையால் ஆலையில் தீட்டினாலும் அது முற்றிலும் அழிவதில்லை. நோயின் பெயரை அறியாத காலத்திலேயே அதனைத் தடுக்கும் முறையை அடுக்களை கண்டிருந்தது. இன்று செம்பூரிலும் மாதுங்காவிலும் இட்லிக்குப் புழுங்கலரிசி வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் அதனைச் சுவைக்காகவே வாங்குகின்றன.

குன்னூரில் மெக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியே அளித்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சென்னை மாகாண ஏழையரின் அரிசியுணவை உண்டவை நலிந்தன. பால், பருப்பு, கீரைகளின் குறையும் இந்நலிவுக்குக் காரணம் என்பதை மறக்கலாகாது. அரிசியின்மீது மட்டும் பழியைப் போடுவது நேர்மையாகாது.

இந்த மருத்துவ உண்மையோடு குமரப்பா தம் தணிக்கையைச் சேர்த்தார். ஆலைக்காரர் காட்டும் கணக்கில் நேரமும் கூலியும் மிச்சம். அக்கணக்கில் எழுதப்படாத செலவுகள் எவை என்று அவர் வினவினார். குத்துக்கூலியால் பிழைத்த ஏழைப் பெண்கள் வேலை இழந்தனர். ஆலையின் எந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் ஊர்ப்பணம் வெளியேறியது. உண்டவர் உடல்நலம் இழந்தார். மருந்துக்குப் பணம் கொடுத்தார். இச்செலவுகளை எவரும் ஆலையின் பற்றில் எழுதுவதில்லை; எழுதினால் மலிவு என்பது மலிவாக இராது என்பதே அவர் வாதம். மகன்வாடியில் கைக்குத்தலரிசியே உண்ணப்பட்டது. உரல், திரிகை, செக்கு முதலிய கருவிகளைத் திருத்தி, உழைப்போரின் சுமையைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்தன. அவர் எந்திரத்தையே வெறுத்தவர் என்று சிலர் கூறுவர், அது பிழை. மனிதரைத் தள்ளிவிட்டு நிற்கும் எந்திரத்தை மறுத்தார். மனிதர் கைக்கு வலுவூட்டும் கருவியை வரவேற்றார். 1938இல் காந்தியடிகள் திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்னும் காட்சியகத்தில் அத்தகைய கருவிகள் இடம்பெற்றன.

எண்ணெயும் வெல்லமும்

எள்ளையும் கடலையையும் ஊர்ச் செக்கில் ஆட்டினால், எண்ணெய் ஊருக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் சாணம் வயலுக்கு. வித்துகளை நகர ஆலைக்கு அனுப்பிவிட்டால் இச்சுழற்சி அறுந்துபோகும். மகன்வாடியில் மேம்படுத்தப்பட்ட செக்கு வார்தாச் செக்கு எனப் பெயர் பெற்று நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது.

அதே 1930களில் மும்பையின் சிவ்ரியில் வனஸ்பதி ஆலை எழுந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி நெய்போல் உறையச் செய்த பொருள் அது. காந்தியத் தொண்டர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். நெய்யில் கலப்படம் பெருகும், பால்மாடு வளர்ப்போர் நலிவர் என்பதே அவர்கள் அச்சம். பல பத்தாண்டுகள் கழிந்தபின், இவ்வாறு பகுதியளவு உறையச் செய்யும்போது உருவாகும் ஒருவகைக் கொழுப்பு இதயநோயை மிகுவிக்கிறது என அறிவியல் நிறுவியது. 2022 முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அக்கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கலாகாது என இந்தியாவில் வரம்பிடப்பட்டுள்ளது.

எல்லாவற்றிலும் அவர்கள் கூற்று இவ்வாறு மெய்ப்பட்டதாகக் கூற இயலாது. வெள்ளைச் சர்க்கரையை விட வெல்லம் சிறந்தது என்றனர். வெல்லத்தில் இரும்பும் பிற தாதுக்களும் சிறிதளவு உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு உடையவர் வெல்லத்தைத் தீங்கற்றது என நம்பி உண்பது இடர் விளைக்கும்.

மண்ணின் கணக்கு

உடல்நலம் தட்டில் தொடங்குவதில்லை, மண்ணில் தொடங்குகிறது என்பது குமரப்பாவின் உறுதியான கருத்து. வேதியுரம் நிலத்துக்கு ஊட்டும் போதை போன்றது. முதலில் எழுச்சி தரும், பின்னர்ச் சோர்வைத் தரும் என எச்சரித்தார். இலைதழை, சாணம், மனிதக் கழிவு ஆகிய அனைத்தும் மக்கி எருவாகி மீண்டும் வயலை அடைய வேண்டும் என்று எழுதினார், செய்தும் காட்டினார்.

தேவ்நாரின் குப்பைமேட்டை இங்கு நினைவுகூரலாம். வயல்கள் எங்கோ இருக்கின்றன. அவற்றின் விளைச்சல் மும்பைக்கு வருகிறது. காய்கறித் தோலும் மிச்சச் சோறும் நெகிழியோடு கலந்து மேட்டில் குவிகின்றன. வயலுக்குத் திரும்பிச் செல்வது மிகக் குறைவு. அவ்வப்போது அம்மேடு தீப்பற்றி எரிகிறது. 2016இல் எழுந்த புகை பல நாள் மாநகரைச் சூழ்ந்தது. வயலின் செல்வம் வயலுக்கு எரு ஆகாமல், அருகில் வாழும் குழந்தைகளின் நுரையீரலுக்குப் புகையாகிறது.

விடுதலைக்குப்பின் நாடு வேறு வழியில் சென்றது. பெருகும் மக்களுக்குச் சோறிட வேண்டிய நெருக்கடியில் வீரிய விதையும் வேதியுரமும் பூச்சிமருந்தும் வந்தன. அவை பஞ்சத்தின் அச்சத்தைப் பெருமளவு தணித்தன என்பதை மறுத்தல் நன்றியன்று. குமரப்பா அஞ்சிய மண்சோர்வும் பல இடங்களில் நேர்ந்தது. அதை மறைத்தலும் நேர்மையன்று.

சிறையும் நூல்களும்

1942இல் மீண்டும் கைது செய்யப்பட்ட அவர் ஜபல்பூர்ச் சிறையில் வாடினார். உடல் நலிந்து 1945இல் விடுதலையானார். நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் ஆங்கில நூலை அச்சிறையில்தான் எழுதினார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, நட்டு வளர்க்காமல் கனியை மட்டும் பறிக்கும் குரங்கு, தேனை எடுக்கும்போதே மலரைச் சூலுறச் செய்யும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை என உயிரினங்களைக் கொண்டே பொருளாதார முறைகளை அவர் தரம்பிரித்தார். இயற்கையில் எடுப்பதும் கொடுப்பதும் சமமாயிருக்கும்வரைதான் எதுவும் நிலைக்கும் என்பது அந்நூலின் உட்பொருள். இயேசுவின் வாழ்வும் வாக்கும் பற்றிய நூல் ஒன்றையும் அவர் சிறையில் எழுதினார். இரண்டையும் படித்த காந்தியடிகள், பல்கலைக்கழகம் எதுவும் வழங்காத இரு முனைவர் பட்டங்களை அவருக்குத் தாமே அன்போடு சூட்டினார். அவற்றுள் ஒன்று கிராமத் தொழில் முனைவர் என்பது.

கல்லுப்பட்டியில்

விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949இல் அறிக்கை அளித்தார். உழுபவனுக்கு நிலம் சேர வேண்டும் என்னும் அவ்வறிக்கை பெரிதும் பேசப்பட்டது, முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. ஆட்சியாளரோடு அவருக்கு இணக்கம் குறைந்தது. திட்டக் கூட்டங்களில் அவர் கேட்ட வினாக்கள் பலருக்குக் கசந்தன. இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, தமக்கெனச் செல்வம் சேர்க்கவுமில்லை.

இரத்தக் கொதிப்பு அவரை நெடுநாள் வருத்தியது. எளிய உணவும் ஒழுங்கான வாழ்வும் உடையவருக்கு நோயே அணுகாது என்று எண்ணுவோர் உளர். குமரப்பாவின் வாழ்வு அவ்வாறு கூறவில்லை. நோய் முற்றியபோது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1960 சனவரி 30ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார். காந்தியடிகள் மறைந்ததும் அதே சனவரி 30ஆம் நாளில்தான்.

அண்மை ஆண்டுகளில் நம் அரசு பொது வழங்கல் கடைகளில் தந்த அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் செறிவூட்டிய மணிகளைக் கலந்து வழங்கியது. சோகை நோயைக் குறைக்கும் நல்ல நோக்கம் அதற்கு இருந்தது. தவிட்டோடு நீக்கிய இரும்பை ஆலையிலேயே மீண்டும் சேர்ப்பதற்கு ஆகும் செலவைக் குமரப்பா எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பார் என்று மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

கல்லுப்பட்டியில் அவர் வாழ்ந்த குடிலில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று காந்தியடிகளின் படம். மற்றொன்று பெயர் தெரியாத ஏழை உழவர் ஒருவரின் படம். பார்க்க வந்தோர் அவர் யார் என்று கேட்டால், காந்தியடிகள் தம் தலைவர் என்றும், இந்த உழவர் தம் தலைவருக்கும் தலைவர் என்றும் குமரப்பா விளக்குவார்.